பைட் மட்டுமே அறிந்த தரவுத்தளம்

லெவல்டிபி தனி சர்வர் கேட்காத தரவுத்தளம். செயலியோடு இணைந்து, அதன் உள்ளேயே இயங்கும். கூகுளின் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் எழுதிய இந்த மென்பொருள் 2011இல் திறமூலமாக வெளிவந்தது. குரோம் உலாவியும் பிட்காயின் கோர் மென்பொருளும் இதைப் பயன்படுத்துகின்றன. அட்டவணை, பத்தி எதுவும் இதில் கிடையாது. ஒரு சாவி, அதற்கொரு மதிப்பு, அவ்வளவே. எண், பெயர், தேதி, படம் என்ற பேதமும் அதற்குத் தெரியாது. எல்லாமே பைட்களின் வரிசைதான். எந்த வரிசை எதைக் குறிக்கிறது என்பதை நினைவில் வைப்பது நிரலாளரின் பொறுப்பு.

மதிப்பைச் சேமிப்பது ஓரளவு எளிது. பல விவரங்கள் சேர்ந்த பதிவை ஜேசான், புரோட்டோகால் பஃபர்ஸ் போன்ற வடிவத்துக்கு மாற்றி வைத்தால் போதும். நினைவகத்தில் கிடப்பதை அப்படியே நகலெடுப்பதுதான் ஆபத்து. அதில் பெயருக்குப் பதில் பெயர் இருக்கும் முகவரி மட்டும் இருக்கலாம். செயலியை மூடியதும் அந்த முகவரிக்குப் பொருளில்லை.

தமிழ்ச் சொற்களுக்கு நீளத்தில் கவனம் தேவை. ‘அம்மா’ நம் கணக்கில் மூன்றெழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் குறியீட்டுக்கு மூன்று வீதம் 15 பைட்கள். நீளம் 5 என்று கொடுத்துவிட்டால் அகரமும் ஓர் உடைந்த துண்டும்தான் மிஞ்சும்.

உண்மையான சிக்கல் சாவியில் இருக்கிறது. லெவல்டிபி சாவிகளை இடமிருந்து பைட் பைட்டாக ஒப்பிட்டு அடுக்குகிறது. எண்களை எழுத்தாக வைத்தால் 10 என்பது 9க்கு முன்னால் வந்துவிடும். நான்கு பைட் எண்ணாக வைத்தாலும் தப்பவில்லை. இன்றைய கணினிகள் பெரும்பாலும் சிறிய பைட்டை முதலில் எழுதுகின்றன. அதனால் 1 என்பது 1-0-0-0 என்றும், 256 என்பது 0-1-0-0 என்றும் பதிவாகும். 256 முந்திக்கொள்ளும். பெரிய பைட்டை முதலில் எழுதினால் இது சரியாகும். கழித்தல் எண்ணுக்கு அதுவும் போதாது. -1 என்பது நான்கு 255களாகப் பதிந்து கடைசிக்குப் போய்விடும். அடையாளத்தைச் சொல்லும் முதல் பிட்டை எல்லா எண்களிலும் புரட்டி வைத்தால் வரிசை சீராகும்.

ஒரே தளத்தில் பலவகைப் பதிவுகள் இருந்தால் சாவியின் முதல் பைட்டை வகைக்குறியாக ஒதுக்குவது நல்ல பழக்கம். பிட்காயின் கோர் இதைத்தான் செய்கிறது. ஒரே வகைப் பதிவுகள் அடுத்தடுத்து அமைவதால் தேடலும் விரைவாகிறது.

தமிழ் அகரவரிசைக்கு இந்த உத்திகள் உதவா. யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்து, லகரத்துக்கு முன்பே வருகிறது. எனவே அகராதியில் ‘மலர்’ முந்த, தரவுத்தளத்தில் ‘மனம்’ முந்தும். இதற்காக நிரலாளர் தாமே ஓர் ஒப்பீட்டு விதியை எழுதித் தரலாம். ஆனால் அந்த விதியின் பெயர் தரவுத்தளத்திலேயே பதிந்துவிடும். பின்னர் வேறு பெயருள்ள விதியோடு திறந்தால் அது திறக்காது. ஆகவே முதல் பதிவை எழுதும் முன்பே இந்த முடிவை எடுத்தாக வேண்டும்.