காணாமல் போன நைட்டி!

ஊரை விட்டுத் தள்ளி ஒரு பழைய பங்களா. உள்ளே ஏகப்பட்ட வேலைக்காரர்கள். ராத்திரி எல்லாக் கதவும் பூட்டியாச்சு. காலையில் பார்த்தால் ஒன்று யாராவது செத்திருப்பார்கள், இல்லை ஏதாவது காணாமல் போயிருக்கும். வெளியாள் யாரும் வரவில்லை. ஆக, டிபன் சாப்பிட உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தர்தான் ஆசாமி!

இங்கிலீஷ் மர்ம நாவல்களின் இந்த பங்களா ஃபார்முலாவை ஜம்மென்று நிலைநிறுத்தியவர் வில்கி காலின்ஸ். நாவல், ‘தி மூன்ஸ்டோன்’. 1868-ல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. ‘தொடரும்’ போட்டு வாசகனை நகம் கடிக்க வைப்பது அப்போதே இருந்த வித்தைதான்!

கதை 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆரம்பிக்கிறது. திப்பு சுல்தான் வீழ்ந்த அன்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி, ஒரு காலத்தில் சந்திரன் சிலையின் நெற்றியில் இருந்த மஞ்சள் வைரத்தை அமுக்கிக்கொண்டு போகிறான். 1848-ல் அது அவன் சகோதரியின் மகள் ரேச்சலுக்குப் பிறந்த நாள் பரிசாக யார்க்‌ஷயர் மாளிகைக்கு வந்து சேர்கிறது. அன்று ராத்திரியே அவுட்!

உள்ளூர் போலீஸ் வழக்கம்போல் வேலைக்காரிகள் மேல் பாய்கிறது. அப்புறம் லண்டனிலிருந்து வருகிறார் சார்ஜென்ட் கஃப். ஒல்லி ஆசாமி. ரோஜாச் செடி என்றால் உயிர். கதவில் அடித்த பெயின்ட் காய்வதற்குள் யார் துணியோ உரசி, ஒரு இடத்தில் இழுபட்டிருக்கிறது. கறை பட்ட துணி யாருடையது? “சலவைக் கணக்கு நோட்டைக் கொண்டாங்க” என்கிறார் மனுஷர்.

வேலைக்காரிகளின் பெட்டிகளைக் குடைகிற வரை பிரச்னையே இல்லை. கஃபின் சந்தேகம் எஜமானியம்மாவின் மகள் ரேச்சல் பக்கம் திரும்பியதும், “ரொம்ப சந்தோஷம், போயிட்டு வாங்க” என்று ஃபீஸைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்!

அந்தச் சலவைக் கணக்கு காலின்ஸ் சொந்தமாக யோசித்தது இல்லை. 1860 ஜூன் 29. ‘ரோட் ஹில் ஹவுஸ்’ என்ற நிஜ பங்களா. ராத்திரி தூங்கிய கென்ட் வீட்டுப் பையன் சேவில், மறுநாள் தோட்டத்துக் கழிப்பறையில் பிணமாகக் கிடைத்தான். நாலு வயசு கூட நிரம்பவில்லை.

ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் விச்சரை அனுப்பியது. சலவைக் கணக்கில் ஒரு நைட்டி உதைத்தது. அது மூத்த தாரத்துப் பெண் கான்ஸ்டன்ஸுடையது. வயசு 16. விச்சர் அவளைக் கைது செய்தார்.

அவ்வளவுதான், பிடித்தது சனி! நைட்டி கடைசி வரை கிடைக்கவில்லை. பெண்ணை விட்டுவிட்டார்கள். ஒரு சாதாரண போலீஸ்காரன் கௌரவமான வீட்டுப் பெண்ணின் துணிமணியைக் கிளறுவதா என்று ஊரே கொதித்தது. பத்திரிகைகள் விச்சரைக் கிழித்துத் தோரணம் கட்டின. 1864-ல் உடம்பு சரியில்லை என்று பென்ஷனில் போனார், பாவம்.

மறு வருஷம், 1865-ல், கான்ஸ்டன்ஸ் தானே வந்து சொன்னாள்: “நான்தான் செய்தேன்.”

தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையானது. 20 வருஷம் கழித்து வெளியே வந்தவள், ஆஸ்திரேலியா போய், பெயரை மாற்றிக்கொண்டு நர்ஸாக வேலை பார்த்து, 1944-ல் நூறு வயதில் இறந்தாள்.

இப்போது நாவலைப் பாருங்கள். கஃப் சந்தேகப்பட்டது தப்பு. ஆனால், அவர் திரும்பி வந்து தப்பை ஒப்புக்கொள்ளும்போது மரியாதை குறையவில்லை. நிஜத்தில் விச்சர் சொன்னது அத்தனையும் சரி. போன பேர் போனதுதான். ஃபைலை ஒழுங்காகப் படித்து, மேலிடத்துக்குப் பிடிக்காத பெயரை எழுதிவிட்டு முழித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, வைரத்தை யார்தான் எடுத்தது? ஊஹூம், சொல்லமாட்டேன். அந்தக் கதவுப் பெயின்ட் மேல் மட்டும் ஒரு கண் இருக்கட்டும்!