ஒளிச்சு வெச்சதா, நாமே கண்டுபிடிச்சதா? போர்ட்ஸ் ஆஃப் கனடா ஆல்பங்களைத் துப்பறிவது எப்படி

(ஒலி வடிவத்திலிருந்து எழுத்துக்காக லேசாகத் திருத்தப்பட்டது)

இன்னிக்கு எபிசோடுக்கு ஹெட்ஃபோன் இருந்தா நல்லது. பேசப்போறது பாட்டு வரிகளே இல்லாத பாட்டுகளைப் பத்தி. வரி இல்லைன்னா அர்த்தம் தேட வேலையே இல்லைன்னு தோணும், இல்லையா? ஆனா எலக்ட்ரானிக் இசையில் ரசிகர்கள் அதிகமாகத் தோண்டித் துருவிய ஆல்பங்களைப் பட்டியல் போட்டா, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த போர்ட்ஸ் ஆஃப் கனடாவோட ரெண்டு ஆல்பம் அதில் கண்டிப்பா இருக்கும். ஒன்று, 2002இல் வந்த 'ஜியோகாடி'. இன்னொன்று, 2013இல் வந்த 'டுமாரோஸ் ஹார்வெஸ்ட்'.

முதல்ல ஆட்களைப் பார்த்துடலாம். மைக் சாண்டிசன், மார்கஸ் ஓயின் என்று ரெண்டு பேர். ரெண்டு பேரும் அண்ணன் தம்பி என்கிற விஷயமே 2005இல்தான் ஒரு பேட்டியில் வெளியே வந்தது. அவ்வளவு மூடி மூடி வெச்சிருந்தாங்க. குழுவின் பெயர், கனடா அரசின் தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து எடுத்தது. சின்ன வயசுல அவங்க பார்த்த ஆவணப் படங்கள், அதில் வந்த மங்கலான கலர், கொஞ்சம் ஸ்ருதி விலகி அலையற சின்தசைசர் சத்தம், இதெல்லாம்தான் அவங்க இசையோட அஸ்திவாரம். பழைய டேப் ரெக்கார்டரில் கேசட் இழுத்து இழுத்து ஓடுமே, அந்த ஆட்டத்தை இவங்க வேணும்னே கொண்டு வராங்க.

இந்த ஒலி முறைதான் ரசிகர்களைத் துப்பறிவாளர்களாக மாத்துது. பாட்டுக்குள்ளே மனுஷக் குரல் இருக்கும், ஆனா முழுசாக் கேட்காது. ஒரு குழந்தை எண்களை எண்ணும், ஒரு சொல் பாதியில் அறுந்து போகும், ஒரு குரல் தலைகீழாக ஓடும். பக்கத்து வீட்டுல சண்டை நடக்கும்போது சுவத்துல காதை வெச்சுக் கேட்கிற மாதிரி. பாதி கேட்டா மீதியை மூளை தானே நிரப்பிக்கும்.

கணக்கு ஒத்துப்போகுது

ஜியோகாடியில் 23 டிராக். மொத்த நீளம் 66 நிமிஷம் 6 வினாடி. கடைசி டிராக்கான 'மேஜிக் விண்டோ' முழுக்க மௌனம், சுமார் ஒண்ணே முக்கால் நிமிஷம். சத்தமே இல்லாத டிராக்கை எதுக்குச் சேர்க்கணும்? நீளத்தை அந்த எண்ணுக்குக் கொண்டு வரத்தான் என்றார்கள் ரசிகர்கள். 666, சாத்தானின் எண். போதாக்குறைக்கு இன்னொரு டிராக்கின் பெயரிலேயே 'டெவில்' இருக்கு. 'யூ குட் ஃபீல் த ஸ்கை' டிராக்கைத் திருப்பிப் போட்டா கொம்புள்ள கடவுளைப் பத்தி ஒரு குரல் பேசுதுன்னும் சொன்னாங்க. அவ்வளவுதான், 'இவங்க சாத்தானை வழிபடறவங்க' என்று கதை கிளம்பிடுச்சு.

நீளம் தற்செயல் இல்லைங்கிறது உண்மை. ஆனா அந்த யோசனையைக் கொடுத்தவர் அவங்க இசை வெளியீட்டு நிறுவனமான வார்ப் ரெக்கார்ட்ஸின் ஸ்டீவ் பெக்கெட். சாத்தானே வந்து ஆல்பம் போட்டானோ என்று கேட்கிறவங்க குழம்பட்டும் என்கிற குறும்பு. நாங்க எந்த மதத்தையும் சேர்ந்தவங்க இல்லை, அந்தந்த நேரத்தில் எங்களுக்கு ஆர்வமா இருக்கிற குறியீடுகளை இசைக்குள்ளே போடுவோம் என்பதுதான் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பேட்டிகளில் சொன்னதன் சாரம். ஆக, ரசிகர்கள் பார்த்த எண் சரி. அதிலிருந்து எடுத்த முடிவு தப்பு. இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கோங்க, இன்னிக்கு முழுக்க இதுதான் நமக்கு வேணும்.

இன்னொரு எண்ணைப் பார்ப்போம். இதே ஆல்பத்தில் 'த ஸ்மாலஸ்ட் வியர்ட் நம்பர்' என்று ஒரு குட்டி டிராக். 'வியர்ட் நம்பர்' என்பது கணிதத்தில் நிஜமாவே இருக்கிற ஒரு வகை. அதில் மிகச் சிறியது 70. ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க. 70ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள், 70ஐத் தவிர்த்து: 1, 2, 5, 7, 10, 14, 35. கூட்டினா 74. எழுபதை விட அதிகம். ஆனா இதில் சிலதை மட்டும் பொறுக்கிக் கூட்டி சரியா 70 கொண்டு வர முடியுமா? அதுக்கு 74இலிருந்து 4ஐக் கழிக்கணும். 1ம் 2ம் சேர்ந்தா 3, அடுத்தது 5. நாலு வரவே வராது. அதனாலதான் 70 'விசித்திர எண்'.

இதில் என்ன பெரிய விஷயம்? அந்தக் குழு தன் சொந்த வெளியீடுகளுக்கு வெச்ச பெயர் மியூசிக்70. 1998இல் வந்த ஆல்பத்தில் 'சிக்ஸ்டிடென்' என்று ஒரு டிராக், அதாவது அறுபது பத்து, எழுபது. மூணு இடமும் ஒரே எண்ணைக் காட்டுது. கணக்கை யாரும் எப்போ வேணும்னாலும் சரிபார்க்கலாம். நல்ல கண்டுபிடிப்புன்னா எனக்கு இதுதான்.

நிஜ மரணங்கள் நடுவுல வரும்போது

இப்போ கொஞ்சம் கனமான இடம். ஜியோகாடியில் '1969' என்று ஒரு டிராக். அதில் இயந்திரக் குரலில் பிராஞ்ச் டேவிடியன் என்ற மதக் குழுவைப் பத்திய ஒரு வாக்கியம் வருது. அதுக்கு முன்னாடி 2000இல் வந்த நாலு பாட்டு வெளியீட்டிலும் இதே குழுவின் நிழல் இருக்கு. அந்தக் குழுவோடு தொடர்புள்ள ஒரு பெண்ணின் பெயரே அதில் ஒரு பாட்டுக்குத் தலைப்பு.

யார் இவங்க? 1993இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வேக்கோ நகரத்துக்குப் பக்கத்தில் இவங்க வாழ்ந்த இடத்தை அரசுப் படைகள் 51 நாள் முற்றுகையிட்டு நின்னாங்க. ஏப்ரல் 19 அன்னிக்கு அந்த இடம் தீப்பிடிச்சு எரிஞ்சுது. அன்னிக்கு மட்டும் 76 பேர் இறந்தாங்க. அதில் இருபதுக்கும் மேல் குழந்தைகள்.

ரசிகர்கள் இந்தத் தொடர்பைக் கண்டுபிடிச்சது நியாயம்தான். குரல் அங்கே இருக்கு, தலைப்பு அங்கே இருக்கு. ஆனா அடுத்த படியில் சிலர் 'அப்போ இவங்களும் அந்தக் குழுவைச் சேர்ந்தவங்க' என்றார்கள். சிலர் 1969 என்கிற வருஷத்தைப் பிடிச்சுக்கிட்டு, அமெரிக்காவில் மேன்சன் கும்பல் கொலைகள் செய்த வருஷம் என்றார்கள். அது சரியான தகவல். ஆனா நிலாவில் மனுஷன் கால் வெச்சதும் 1969. வுட்ஸ்டாக் இசை விழா நடந்ததும் 1969. ஒரு வருஷத்துக்குள்ளே உலகமே இருக்கு. தேடுறவன் எதைத் தேடுறானோ அது கிடைக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

எனக்கு இதில் உறுத்துறது வேற. ஒரு தீயில் குழந்தைகள் செத்துப் போன சம்பவம், ரசிகர்கள் வட்டத்தில் 'செம க்ளூ' ஆயிடுது. அந்தப் பாட்டு இதமா, வெயில் அடிக்கிற மாதிரி இருக்கு. அழகான குரலில் ஒருத்தர் கூப்பிட்டா நாமளும் பின்னாடி போயிடுவோமோ என்கிற பயத்தை அது தருது. என் வாசிப்பில் பாட்டோட நோக்கமே அந்தப் பயம்தான். க்ளூ எண்ணிக்கையில் மட்டும் நின்னா அந்தப் பயத்தைத் தவறவிட்டுடுவோம்.

நிஜமாவே புதிர் போட்டப்போ

2013 ஏப்ரல் 20, ரெக்கார்ட் ஸ்டோர் டே. நியூயார்க்கில் ஒரு இசைத்தட்டுக் கடையில் ஒருத்தருக்கு விளம்பரமே இல்லாத ஒரு போர்ட்ஸ் ஆஃப் கனடா தட்டு கிடைச்சுது. உள்ளே சில வினாடி இசை, அப்புறம் ஒரு குரல் ஆறு இலக்கங்களைப் படிக்குது. அட்டையில் ஆறு கட்டம், அதில் ஒண்ணுக்கு மட்டும் குறி. அடுத்த சில நாட்களில் வானொலி, டிவி விளம்பரம், யூடியூப் என்று மீதி ஐந்து துண்டுகளும் ஒவ்வொண்ணா வெளியே வந்தன. மொத்தம் 36 இலக்கம். அதைக் கடவுச்சொல்லாக ஒரு தளத்தில் போட்டா, புது ஆல்பத்தின் அறிவிப்பு. எட்டு வருஷம் கழிச்சு வந்த முழு ஆல்பம் அது.

இங்கே ஒரு சுவாரசியமான வித்தியாசம். இந்தப் புதிருக்கு ஒரு பூட்டு இருந்தது. சரியான எண் போட்டா திறக்கும், தப்பா போட்டா திறக்காது. '1969 என்றால் என்ன' என்பதுக்கு அப்படிப் பூட்டே கிடையாது. எந்தச் சாவி போட்டாலும் திறந்த மாதிரியே தெரியும்.

ஆல்பத்துக்குள்ளே போனா, பத்தாவது டிராக் 'பேலஸ் போஸி'. மாளிகை, பூச்செண்டு, அர்த்தமே இல்லாத தலைப்பு மாதிரி இருக்கு. ஆனா அந்தப் பத்து ஆங்கில எழுத்துகளை மாத்தி அடுக்கினா 'அபோகாலிப்ஸ்' வருது, ஒரு எழுத்துகூட மிச்சமில்லாமல். அதுக்கு முந்தின டிராக்கின் பெயர் 'கொலாப்ஸ்', சரிவு. இதைக் காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைன்னு ஒதுக்க முடியாது.

அந்த 'கொலாப்ஸ்' 17 டிராக்கில் ஒன்பதாவது, சரியா நடுவில். ஆல்பம் முன்னும் பின்னும் ஒரே மாதிரி அமைஞ்சது என்று அவங்களே பேட்டியில் சொல்லியிருக்காங்க. நமக்கு இது புதுசு இல்லை. விகடகவி என்று தலைகீழாப் படிச்சாலும் விகடகவிதான். திருஞானசம்பந்தர் முழுப் பதிகமே மாலைமாற்றா பாடியிருக்கார். அந்த வகை.

சரி, சோதிச்சுப் பார்ப்போம். ரெண்டாவது டிராக் 'ரீச் ஃபார் த டெட்', கடைசிக்கு முந்தினது 'கம் டு டஸ்ட்'. ஒண்ணு இறந்தவங்களை நோக்கிக் கை நீட்டுது, இன்னொண்ணு மண்ணாகுது. இசையும் ஒண்ணுக்கொண்ணு எதிரொலிக்குது, கேட்டா தெரியும். பிரமாதமான ஜோடி. ஆனா அஞ்சாவது டிராக்கையும் பதிமூணாவதையும் ஜோடி சேர்க்கணும்னா கொஞ்சம் தள்ளிவிட்டாத்தான் பொருந்தும். நேர்மையா ரெண்டையும் சொல்லணும். பொருந்துறதை மட்டும் சொல்லிட்டுப் பொருந்தாததை விழுங்கிட்டா, அது ஆராய்ச்சி இல்லை, ஜோசியம்.

நான் வெச்சிருக்கிற மூணு கேள்வி

எந்த ஆல்பத்துக்கும் இது உதவும். முதல் கேள்வி, இதை இன்னொருத்தர் தனியா சரிபார்க்க முடியுமா? 70ஐ முடியும், பேலஸ் போஸியை முடியும். தலைகீழ்க் குரலை? பாதிதான். அதுக்கு ஒரு வழி இருக்கு. அங்கே என்ன வாசகம் வருதுன்னு சொல்லாம, திருப்பிப் போட்ட துண்டை ஒரு நண்பருக்குப் போட்டுக் காட்டி, என்ன கேட்குதுன்னு கேளுங்க. வாசகத்தை முதல்லயே படிச்சுட்டா காது அதைத்தான் கேட்கும்.

ரெண்டாவது, இதே முறையில் வேற எதை வேணும்னாலும் நிரூபிக்க முடியுமா? முடியும்னா அந்த முறை எதையுமே நிரூபிக்கலை.

மூணாவது, இது உண்மைன்னா பாட்டு எனக்கு வேற மாதிரி கேட்குதா? 'டுமாரோஸ் ஹார்வெஸ்ட்' பழைய திகில் படங்களின் இசையிலிருந்து, ஜான் கார்பென்டர் போன்றவர்களிடமிருந்து எடுத்துக்கிட்டதைத் தெரிஞ்சுக்கிட்டா, அந்தச் சின்தசைசர் ஏன் நம்மைப் பதற வைக்குதுன்னு புரியும். அட்டைப் படம் கைவிடப்பட்ட ஒரு கடற்படை விமானத் தளத்திலிருந்து எடுத்த சான் பிரான்சிஸ்கோ நகரம் என்று தெரிஞ்சா, அந்த வெளிச்சம் கண்ணை உறுத்தும். இது பாட்டுக்கு ஏதோ சேர்க்குது. 66 நிமிஷம் 6 வினாடி ஒரு சிரிப்பைச் சேர்க்குது, அதுவும் நல்லதுதான்.

இதை ஏன் இவ்வளவு நேரம் பேசுறேன்னா, பாட்டில் நாம பழகுற இதே பழக்கம்தான் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் வேலை செய்யுது. தேதியைக் கூட்டு, எழுத்தை எண்ணு, ரெண்டு படத்தைப் பக்கத்துல வை, 'தற்செயலா?' என்று ஒரு கேள்விக்குறி போடு. பாட்டுல தப்பா யூகிச்சா யாருக்கும் நஷ்டமில்லை. அங்கே நிஜ மனுஷங்க மாட்டுவாங்க. தப்பினா ஆபத்தில்லாத இடத்தில் பழகிக்கிறது நல்ல பயிற்சி.

இந்த வாரம் ஒரு வேலை. டுமாரோஸ் ஹார்வெஸ்டை ஒரு தடவை முழுசா, எதையும் தேடிப் பார்க்காமல் கேளுங்க. உங்களுக்குத் தோணினதை எழுதி வைங்க. அப்புறமா ரசிகர்கள் சொல்றதைப் படிங்க. ரெண்டும் எங்கே ஒத்துப்போகுது, எங்கே பிரியுதுன்னு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.