உடையக் கூடாது, உடனே கரைய வேண்டும்: சலவை வில்லை வாங்குவோர் கவனத்துக்கு

அளக்க வேண்டாம், சிந்தாது, ஒன்றை எடுத்து வாஷிங் மெஷினில் போட்டால் போதும். இந்த வசதிக்காகத்தான் சலவை வில்லைகளும், ‘பாட்ஸ்’ என்று விற்கப்படும் குட்டித் திரவப் பைகளும் வீடுகளுக்குள் வந்திருக்கின்றன. இவற்றிடம் நாம் எதிர்பார்ப்பது இரண்டு. வீடு வந்து சேரும்வரை உடையக் கூடாது. தண்ணீருக்குள் போனதும் மிச்சமின்றிக் கரைய வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டையும் ஒரே பொருளில் கொண்டுவரும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அதில் பிசகு நேர்ந்தால் சில சமயம் துணி மட்டும் பாழாகும். சில சமயம் ஒரு குழந்தையின் கண்ணே பாதிக்கப்படும்.

வில்லை எப்படிக் கரைகிறது?

சலவைத் தூளை இயந்திரத்தில் அழுத்திக் கட்டினால் வில்லை. அழுத்தம் கூடக் கூடத் துகள்களுக்கு இடையே உள்ள நுண்துளைகள் அடைபடும். வில்லை கெட்டியாகும், ஆனால் தண்ணீர் உள்ளே இறங்க நேரமாகும். அழுத்தத்தைக் குறைத்தால் சீக்கிரம் கரையும், ஆனால் பெட்டிக்குள்ளேயே உதிர்ந்துவிடும். 1960-களில் அமெரிக்காவில் விற்ற ‘சால்வோ’ சலவை வில்லைகள் பல நேரம் முழுமையாகக் கரையவில்லை என்பதே அவற்றின் பெரிய குறையாக இருந்தது.

இந்தச் சிக்கலைத் தயாரிப்பாளர்கள் பல வழிகளில் அவிழ்க்கிறார்கள். தண்ணீர் பட்டதும் ஊதிப் பெருத்து வில்லையை உள்ளிருந்தே பிளக்கும் செல்லுலோஸ் நார்களைச் சேர்ப்பது ஒன்று. சிட்ரிக் அமிலத்தையும் சமையல் சோடாவையும் சேர்த்து, நனைந்ததும் நுரைத்துச் சிதறும்படி செய்வது இன்னொன்று. மூன்றாவது வழியில், லேசாக அழுத்திய வில்லையின் மேல் மெல்லிய உறை ஒன்றைப் பூசுகிறார்கள். உடையாமல் காப்பது அந்த உறை. அது விட்டதும் உள்ளே இருப்பது விரைவாகக் கரையும்.

துவைத்த துணியில் வெள்ளைத் திட்டு இருந்தால் முதலில் பெட்டியில் உள்ள குறிப்பைப் பாருங்கள். வில்லையை டிரம்மில் போட வேண்டுமா, சோப்பு அறையில் போட வேண்டுமா, குளிர்ந்த நீருக்கும் குறுகிய நேரச் சலவைக்கும் ஏற்றதா என்று அதில் இருக்க வேண்டும். டிரம்மில் துணியைத் திணித்திருந்தாலும் வில்லை சரியாகக் கரையாது. குறிப்பின்படியே செய்தும் கரையவில்லை என்றால் அது பொருளின் குறை.

பாட்ஸ்: கூடுதல் எச்சரிக்கை

பாட்ஸின் உறை பாலிவினைல் ஆல்கஹால் என்ற, தண்ணீரில் கரையும் படலம். உள்ளிருக்கும் திரவத்தில் தண்ணீர் அதிகமிருந்தால் உறையே கரைந்துவிடும் என்பதால் அது மிகவும் அடர்த்தியாகத் தயாரிக்கப்படுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஈரக் கையால் பிடித்தால் உறை இளகும். குழந்தை கடித்தால் அடர்ந்த திரவம் தொண்டைக்குள்ளோ கண்ணிலோ பீய்ச்சியடிக்கும். வண்ண வண்ணமாக, மிட்டாய் போலத் தெரிவதால் குழந்தையின் கை தானாகவே அதை நோக்கிப் போகும்.

அமெரிக்காவில் 2012, 2013 ஆகிய இரண்டே ஆண்டுகளில், ஆறு வயதுக்குட்பட்ட 17,230 குழந்தைகள் பாட்ஸால் பாதிக்கப்பட்டதாக நச்சுத் தகவல் மையங்களுக்கு அழைப்புகள் வந்தன. அதே நாட்டில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் பாட்ஸால் ஏற்பட்ட கண் எரிகாயங்கள் 2012-இல் 12 என்றும் 2015-இல் 480 என்றும் மதிப்பிடப்பட்டன. நினைவு மறதி நோய் உள்ள முதியவர்கள் தின்பண்டம் என்று நினைத்து விழுங்கி உயிரிழந்ததும் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் இதைப் பெற்றோரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடவில்லை. 2015 ஜூன் 1 முதல் வடிவமைப்புக்கே விதி வகுத்தது. 20 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் போட்டால் குறைந்தது 30 விநாடி உறை திரவத்தை வெளியே விடக் கூடாது. 300 நியூட்டன் அழுத்தத்தை, அதாவது சுமார் 30 கிலோ எடையை, அது தாங்க வேண்டும். வாயில் வைத்தால் ஆறு விநாடிக்குள் குழந்தை துப்பிவிடும்படி உறையில் கசப்பு இருக்க வேண்டும். வெளிப்பெட்டி உள்ளே இருப்பது தெரியாததாகவும், குழந்தை எளிதில் திறக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். உறுதியும் பாதுகாப்பும் எண்களால் அளந்து கேட்கக்கூடியவை என்பதை இந்த விதி காட்டுகிறது.

விபத்து நேர்ந்தால்

வாயில் போயிருந்தால் மிச்சத்தைத் துடைத்தெடுத்து வாயைக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. நுரை நுரையீரலுக்குள் போய்விடும். கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு, கண் மருத்துவரிடம் காட்டுங்கள். தோலில் பட்டால் நனைந்த உடையைக் கழற்றிவிட்டு நன்றாகக் கழுவுங்கள். தொடர் வாந்தி, இருமல், மூச்சுத் திணறல், அரைமயக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் கேட்கலாம். மருத்துவமனைக்குப் போகும்போது பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள்; உள்ளே என்ன இருந்தது என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் உரிமை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ‘தயாரிப்புப் பொறுப்பு’ என்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, சரியான பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ இல்லாமை ஆகியவற்றால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியதால் வந்த தீங்கு என்றால் கோரிக்கை நிற்காது. அதனால்தான் குறிப்பைப் படித்து அதன்படி நடப்பது முக்கியம்.

பில், பெட்டி, பேட்ச் எண், புகைப்படம், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அங்கும் தீரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, பாதிப்பு நேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. பலருக்கும் ஆபத்தான பொருள் என்று தெரியவந்தால், அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு.

பெட்டியைக் குழந்தைக்கு எட்டாத, கண்ணிலும் படாத உயரத்தில், ஈரமில்லாத இடத்தில் பூட்டி வையுங்கள். பாட்ஸைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றாதீர்கள். காய்ந்த கையால் எடுத்து, உடனே மூடுங்கள். அடுத்த முறை வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் மூடியைப் பாருங்கள், எச்சரிக்கை வாசகத்தைப் படியுங்கள். இரண்டும் சரியில்லாத பொருளைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.