தாய் வகுப்பும் சேய் வகுப்பும்

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது நம் பழமொழி. வீட்டிற்கும் தறிக்கும் சொன்ன இவ்வுண்மை, கணிப்பொறிக்கு எழுதும் நிரலுக்கும் பொருந்துவதை இன்று காண்போம்.

ஓரினப் பொருள்களுக்குப் பொதுவாக வகுக்கும் இலக்கணத்தை நிரலாளர் 'வகுப்பு' என்பர். அப்பொருளிடம் உள்ள விவரங்கள் யாவை, அது செய்யும் தொழில்கள் யாவை என்று அது கூறும். ஒரு வகுப்பின் இலக்கணத்தை மற்றொரு வகுப்பு தனதாக்கிக்கொள்வதே மரபுரிமை.

இக்கருத்து பிறந்த இடம் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரம். ஓலே-யோகான் டால், கிறிஸ்டென் நிகார்ட் என்னும் அறிஞர் இருவர், சுங்கச்சாவடி உடைய ஒரு பாலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்ந்தனர். அங்கே பேருந்தும் சுமையுந்தும் வரிசையில் நிற்கின்றன. வரிசையில் நிற்றல் இரண்டிற்கும் பொது; பயணிகள் ஒன்றிற்கும் சுமை மற்றொன்றிற்கும் சிறப்பு. பொதுவானதை இருமுறை எழுதுவானேன்? பொதுவை ஒருமுறை எழுதி, சிறப்பை அதன்மேல் சேர்த்தால் போதும் அன்றோ? இவ்வெண்ணமே 1967இல் சிமுலா 67 என்னும் நிரல்மொழியில் உருப்பெற்றது. அதில் சேயின் பெயருக்கு முன்னே தாயின் பெயரை எழுதினர்.

'வாகனம்' தாய் வகுப்பு என்க. பதிவெண்ணும் சுங்கம் கணக்கிடும் முறையும் அதில் உள்ளன. 'சுமையுந்து' என்னும் சேய் அவ்விரண்டையும் பெறுகிறது. சுமையின் எடையைப் புதிதாகச் சேர்க்கிறது. சுங்கத்தை எடைக்கேற்பக் கணக்கிடுமாறு பழைய முறையை மாற்றியும் கொள்கிறது. 'சுங்கம் கூறு' என்று சாவடி பணித்தால், ஒவ்வொரு வாகனமும் தன் முறைப்படியே விடை கூறும். நாளை புதியதொரு வாகன வகை வந்தாலும் சாவடியின் நிரலைத் திருத்த வேண்டுவதில்லை. மரபுரிமையின் பெரும்பயன் இதுவே.

ஆயினும் எச்சரிக்கை ஒன்று வேண்டும். சதுரமும் ஒரு செவ்வகமே என்கிறது கணிதம். அதனை நம்பிச் 'சதுரம்' என்பதைச் 'செவ்வகம்' என்பதன் சேயாக்கினோம் என்க. நீளத்தை 5 என்றும், பின்னர் அகலத்தை 4 என்றும் அமைத்தால், செவ்வகத்தின் பரப்பு 20. சதுரமோ, அகலத்தை மாற்றியவுடன் நீளத்தையும் 4 ஆக்கிவிடும். பரப்பு 16 ஆகும். செவ்வகத்தை எதிர்பார்த்து எழுதிய நிரல் தவறான விடையையே தரும். தாய் நிற்கும் இடத்தில் சேயை நிறுத்தினும் நிரல் பிழையாதிருக்க வேண்டும் என்னும் இந்நெறியை, 1987இல் பார்பரா லிஸ்கோவ் அம்மையார் எடுத்துரைத்தார்.

எழுதும் உழைப்பு குறையும் என்பதற்காகவே உறவு கற்பித்தல் ஆகாது. பேருந்து ஒரு வாகனம், எனவே சேயாகலாம். பேருந்தில் பொறி உண்டு. ஆனால் பேருந்து பொறி ஆகாது. 'இது அதுவா, அன்றி இதனிடம் அது உள்ளதா?' என்று மாணவர் முதலில் வினவிப் பழகுவாராயின், அவர் எழுதும் நிரல் நெடுநாள் நிலைத்துப் பயன் தரும்.