பழுப்பு நிலக்கரியில் ஓர் அயனிச் சமநிலை

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மில்லிலிட்டர். அதே செறிவில் அசிட்டிக் அமிலம் 10 மில்லிலிட்டர். எதை நடுநிலையாக்க அதிக சோடியம் ஹைட்ராக்சைடு தேவை? வடலூரில் நான் கற்பித்த வகுப்புகளில் பெரும்பாலோர் "ஹைட்ரோகுளோரிக்" என்றே சொல்கிறார்கள். பிரிகை மாறிலிக் கணக்குகளைத் தடையின்றிப் போடுபவர்களும் இதில் அடக்கம்.

இரண்டுக்கும் ஒரே அளவுதான். அசிட்டிக் அமிலத்தில் ஆயிரம் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 13 மட்டுமே பிரிந்திருக்கும் என்பது உண்மை. அதனால்தான் அதன் பி.எச். மதிப்பு 1 ஆக இல்லாமல் 2.9 அளவில் நிற்கிறது. ஆனால் அந்த 13 ஹைட்ரஜன் அயனிகளைக் காரம் எடுத்துக்கொண்டதும் அடுத்த மூலக்கூறுகள் பிரிகின்றன. எடுக்க எடுக்கப் பிரிந்துகொண்டே போகும். சமநிலை என்றால் அசையாமல் நிற்பது என்று மாணவர் மனத்தில் பதிந்துவிட்ட படத்தைக் கரும்பலகைச் சமன்பாட்டால் மட்டும் மாற்ற முடிவதில்லை. கண்ணால் பார்க்க வேண்டும்.

அதற்கு ஏற்ற பொருள் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1956-இல் நிறுவனம் தொடங்கப்பட்ட நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிதான் அது. பழங்காலத் தாவரங்கள் மண்ணுக்குள் புதைந்து உருவான இதில் ஹியூமிக் அமிலங்கள் உள்ளன. இது ஒரே சேர்மம் அன்று. கார்பாக்சில், பீனால் தொகுதிகள் கொண்ட பெரிய மூலக்கூறுகளின் கலவை. வலிமை குறைந்த அமிலம். (பெரியவர்கள் நினைவில் உள்ள 'லெகோ' கரி இதற்குப் பயன்படாது. அது சூடேற்றிக் கரியாக்கப்பட்டது; அந்தத் தொகுதிகள் பெரும்பாலும் அழிந்திருக்கும்.) நிலக்கரி கிடைக்காத ஊர்களில் நன்கு மட்கிய தொழு உரம் போதும்.

2 கிராம் பொடியை 50 மில்லிலிட்டர் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் ஓர் இரவு ஊற விடுங்கள். இன்னொரு குடுவையில் வெறும் தண்ணீர். மறுநாள் தண்ணீரில் நிறம் அதிகம் இறங்கியிருக்காது. காரக் கரைசலோ கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். காரம் ஹைட்ரஜன் அயனிகளை நீக்கியதால் மூலக்கூறுகள் எதிர்மின்சுமை பெற்று, ஒன்றையொன்று விலக்கி, கரைந்துவிட்டன.

தெளிந்த கரைசலில் 10 மில்லிலிட்டரைச் சோதனைக்குழாயில் எடுத்து, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாக விடுங்கள். (இதை ஆசிரியரே, கண்ணாடி அணிந்து செய்வது நல்லது.) முதல் 1 மில்லிலிட்டர் வரை பெரிதாக ஒன்றும் நடக்காது, மீதமுள்ள காரம் முதலில் தீர வேண்டும். இந்தக் காத்திருப்பை அவசரப்படுத்தாதீர்கள், வகுப்பு அமைதியாகும் நேரம் அது. மேலும் அமிலம் சேரச் சேரப் பழுப்புத் திப்பிகள் தோன்றி அடியில் படியும். ஹைட்ரஜன் அயனிகள் மிகுந்ததும் சமநிலை பின்னோக்கி நகர்ந்து, மின்சுமை இழந்த மூலக்கூறுகள் ஒன்றுதிரண்டுவிட்டன. மறுபடி காரம் விட்டால் திப்பி கரையும். லீ சாட்லியர் கொள்கையை இரு திசையிலும் ஒரே குழாயில் காட்டலாம்.

ஒரு மாணவி இதைப் பார்த்துவிட்டு, "உரக்கடையில வாங்குற கருப்பு ஹியூமிக் தண்ணிதானே சார் இது? அப்பா அதோட வேற உரம் கலந்தா தெளிப்பான் அடைச்சிக்குதே" என்றாள். கடைகளில் திரவமாக விற்பது பெரும்பாலும் இந்த அமிலத்தின் பொட்டாசியம் உப்பு; காரத்தன்மை உடையது. பாஸ்பாரிக் அமிலம் போன்ற அமிலத்தன்மையுள்ள உரத்தைச் சேர்த்தால் குழாயில் கண்ட அதே திப்பிதான் தெளிப்பானிலும் வரும். கால்சியம் மிகுந்த கடின நீரும் வீழ்படிவை உண்டாக்கும், ஆனால் அதன் காரணம் வேறு. கால்சியம் அயனி அந்த எதிர்மின்சுமைகளைப் பிணைத்துக்கொள்கிறது. எது காரணம் என்று கண்டுபிடிக்க வீட்டுக் கிணற்று நீரையும் அந்த உரத்தின் பி.எச். மதிப்பையும் சோதித்து வரச் சொன்னேன். அடுத்த வாரம் நான்கு பாட்டில்கள் ஆய்வகத்துக்கு வந்தன.