பிடுங்காதே, முதலில் பார்!

சேத்தியாத்தோப்புச் சுட்டிப் பிள்ளையே! "இது என்ன செடி மாமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வருவாயே, அதற்கு ஒரு சபாஷ். அந்தக் கேள்வியை வைத்தே இன்று உனக்கு ஒரு வேலை தரப்போகிறேன்.

வெள்ளாற்று அணைக்கட்டுப் பக்கம், வாய்க்கால் கரைகளில் ஆள் உயரப் புதர் ஒன்று நிற்கும். வெளிர் ஊதாவும் ரோஜா நிறமும் கலந்த பூ. திருவிழாவில் மரத்தில் கட்டுவார்களே கூம்பு ஒலிபெருக்கி, அதே வடிவம். ஞாபகம் வந்துவிட்டதா?

அதுதான் நெய்வேலி காட்டாமணக்கு. பெயரில் பக்கத்து ஊர் இருந்தாலும் அதன் பிறப்பிடம் அமெரிக்காவின் வெப்பமான பகுதிகள். ஆமணக்குக்கு அது உறவே இல்லை. சர்க்கரைவள்ளிக்கிழங்குக்குத்தான் பங்காளி!

வாய்க்காலில் இது மண்டினால் தண்ணீர் தயங்கும், வண்டல் படியும், கடைமடை வயல் காயும். ஆடுகள் இதைத் தொடர்ந்து தின்றால் நரம்பு பாதித்துத் தள்ளாடும்.

"அப்படியானால் உடனே வெட்டிவிடலாமே?" என்கிறாயா? கொஞ்சம் பொறு. இதன் தண்டுத் துண்டு ஈர மண்ணில் வேர்விடும். வெட்டி வாய்க்காலில் எறிந்தால், தண்ணீரே அதை அடுத்த ஊரில் கொண்டுபோய் நட்டுவிடும். அகற்றுவது பெரியவர்கள் வேலை. கண்டு சொல்வது உன் வேலை.

எப்படிக் கண்டுபிடிப்பது? இலையைப் பார். இதய வடிவம், நுனி கூர்மை. காட்டாமணக்கு என்றே பெயருள்ள அசல் செடி வேறு; அதன் பூ சின்னது, மஞ்சள் கலந்த பச்சை. ஆகவே பூவைப் பார்த்தால் குழப்பம் தீரும். ஒடித்துப் பார்க்காதே, உள்ளே பால் இருக்கிறது. தெரியாமல் தொட்டுவிட்டால் கையைக் கழுவு.

பிறகு படம் எடு. முழுப் புதர் ஒன்று, இலை ஒன்று, பூ ஒன்று. இலைக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலைப் பிடித்தால் அளவு தெரியும். தேதி எழுது. இடத்தைச் சரியாக எழுது. "வாய்க்கால் ஓரம்" என்றால் யாருக்குப் புரியும்? "மதகுக்குக் கிழக்கே இருபது அடி" என்றால் யாரும் நேரே வந்து நிற்பார்கள். சந்தேகமா? "சந்தேகம்" என்றே எழுது. தப்பான உறுதியைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

குறிப்பைப் பள்ளியின் தேசிய பசுமைப் படை ஆசிரியரிடம் கொடு. அவர் 'ஐநேச்சுரலிஸ்ட்' செயலியில் படத்தை ஏற்றினால், செடி தெரிந்தவர்கள் பார்த்துப் பெயரைச் சரிபார்ப்பார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகம் 2005இலேயே இப்படி மக்கள் தரும் தகவலைக்கொண்டு அந்நியச் செடிகளின் வரைபடம் போடத் தொடங்கியது. அந்நியத் தாவரங்களை அகற்ற நம் தமிழ்நாடு அரசும் 2022இல் தனிக் கொள்கை வெளியிட்டது.

ஒற்றைப் புதராக இருக்கும்போதே சொன்னால் ஒரு நாள் வேலை. கரை முழுக்கப் பரவிய பிறகு எந்திரம்தான் வரவேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவையோ அக்காவையோ அழைத்துக்கொண்டு போய்ப் பார். தண்ணீர்ப் பக்கம் தனியாகப் போகக்கூடாது, சரியா?