கமராவை மூடிவைத்த மாணவி

2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது என் தங்கையின் மகள் மருத்துவபீடத்தில் முதலாம் வருடம். கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை வீடு, ஐந்து பேர். விரிவுரைகள் எல்லாம் ஸூமுக்கு மாறின. 'லேர்ன்' வலையமைப்பின் ஊடாக, டேட்டாக் கட்டணம் இல்லாமலே அவற்றைப் பார்க்க வழி செய்யப்பட்டிருந்தது. பழைய மடிகணினி ஒன்றும் தேடிக்கொடுத்தோம். இனிப் படிப்பு தானாக ஓடும் என்றுதான் நினைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து, வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்து அழுதாள்.

"பாக்காத லெக்சர் அறுவதுக்கு மேல ஈக்கி மாமா. ரெக்கோர்டிங் ஈக்கிதானே, பொறகு பாக்கேலும் எண்டு உட்டுட்டேன். இப்ப திறக்கவே பயம். மெடிசின உட்டுடவா?"

உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்த பிள்ளை. முப்பது வருடம் உயிரியல் டியூஷன் எடுத்த நான், சோம்பல் என்று ஏசினேன். ஏசியது பிழை.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1980களில் இருந்து வளர்த்தெடுத்த கோட்பாடொன்று உண்டு. மனிதருக்கு உள்ளிருந்து ஊக்கம் வர மூன்று விடயங்கள் வேண்டும் என்பது அதன் சாரம்: நானே விரும்பிச் செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் ஏலும் என்ற நம்பிக்கை, என்னைக் கணக்கெடுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நிலை. பதிவுசெய்த விரிவுரை, நேரத்தை மாணவியின் கையில் கொடுக்கிறது. மற்ற இரண்டையும் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறது. உடற்கூற்றியல் அறையில் ஒரு மேசையைச் சுற்றி நிற்கும்போது பக்கத்தில் நிற்பவளுக்கும் அந்த நரம்பு பிடிபடவில்லை என்று தெரியும். மூடிய கமராக்களின் கறுப்புச் சதுரங்களில் அது தெரியாது. எனக்கு மட்டும்தான் மூளை இல்லை என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொள்வாள்.

இன்னொன்றும் உண்டு. வீடியோ பார்த்தால் விளங்கியது போலிருக்கும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பந்தியை நான்கு தடவை வாசித்தவர்கள் ஒரு வாரத்தின் பின் சுமார் 40 வீதத்தையே நினைவுகூர்ந்தார்கள். ஒரு தடவை வாசித்துவிட்டு, மூன்று தடவை பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் 61 வீதம். நம் ஹிஃப்ழு மத்ரஸாக்களில் பிள்ளை உஸ்தாதின் முன்னால் முஸ்ஹஃபை மூடிவிட்டுப் பாடம் கொடுப்பதும் இதே வழிதானே!

அதையே செய்து பார்த்தோம். அவளோடு படிக்கும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டாள். அதில் ஒருத்தி வெள்ளவத்தைத் தமிழ்ப் பிள்ளை. இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம். ஒவ்வொரு நாளும் ஒருத்தி, குறிப்பைப் பாராமல் ஒரு தலைப்பைப் படிப்பிக்க வேண்டும், கமரா திறந்திருக்க வேண்டும். முதல் நாள் தோள் நரம்புப் பின்னலைக் கடதாசியில் வரையத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டாள் நம்மட பிள்ளை. மற்ற மூவரும் சிரித்தார்கள். தங்களுக்கும் அதற்கு மேல் தெரியாது என்று ஒப்புக்கொண்டார்கள். அன்றிரவு அவள் விடியும்வரை படித்ததாகத் தங்கை சொன்னாள்.

ஒரு விரிவுரையாளரும் தன் பாடத்தை ஐந்து கேள்விகளோடு தொடங்குவாராம். பெயர் சொல்லிக் கேட்பார், புள்ளி கிடையாது. அந்தப் பாடத்தை மட்டும் யாரும் 'பொறகு' என்று தள்ளிப்போடவில்லை.

எல்லாவற்றையும் திரையில் படிப்பிக்க ஏலாது என்பதும் உண்மை. மண்ணீரல் வீங்கியிருப்பதை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு வார்ட்டும் நோயாளியும் வேண்டும். வைத்தியராகப் போகிறேன் என்ற எண்ணமே அங்கேதான் உறைக்கிறது. முதல் வருடங்களை வீட்டிலேயே கழித்தவர்களுக்கு அது பிந்தியே வந்தது.

2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை போனபோது நால்வரும் வெறும் போன் அழைப்பில், இருட்டில் இருந்துகொண்டு பாடம் கேட்டுக்கொண்டார்கள். பார்க்க ஒன்றும் இல்லாததால் எல்லாவற்றையும் வாயால் விபரிக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் நன்றாகப் பதிந்தது என்கிறாள்.

அந்த அறுபது விரிவுரைகளில் பாதியை இன்றுவரை அவள் திறக்கவில்லை.